முனி கேட்ட அசாம் பெடாஸ்

எங்கள் தோட்டத்து முனி இடம் மாறுவதற்கு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். கோயில் செயலாளர் என்ற முறையில் அதைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதியவள் நான்தான். "சாமி: கிளம்புமுன் இங்கே இத்தனை நாள் சாப்பிட்ட மாதிரி அசாம் பெடாஸ் மீன்குழம்பு வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். முன்மொழிந்தவர்: சாமி. வழிமொழிந்தவர்:" என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன். தலைவர் தம்புசாமி அண்ணன் சுற்றுமுற்றும் பார்த்தார். சாமி சொன்னதை மனிதர்கள் வழிமொழியலாமா என்று சட்டவிதியில் எங்கேயும் இல்லை. கடைசியில் அவரே பயந்து பயந்து கையெழுத்துப் போட்டார்.

தோட்டம் மலாக்கா மாநிலத்தில், லூபோக் சீனாவுக்கு வெளியே இருக்கிறது. இருந்தது என்று சொல்ல வேண்டும். ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். இப்போது செம்பனையையும் வெட்டிவிட்டு வீடு கட்டப்போகிறார்கள். லயத்து வரிசை வீடுகளில் குடியிருந்தவர்கள் எல்லாரும் டவுனுக்குப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது, அவர்கள் வைத்த படையல் குழம்பும் அதோடு நின்றுபோனது. முனி மட்டும் ரம்புத்தான் மரத்தடியில் இடுப்பளவுக் கல்லாக உட்கார்ந்திருந்தார். ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குள் அவரை எடுத்துவிட வேண்டும், திங்கள் காலை மண்வாரி வரும் என்று கடிதம் வந்துவிட்டது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், நெகிரி செம்பிலானில், ஒரு புண்ணியவான் இடம் கொடுத்திருந்தார். கிரேன் வைத்த லோரிக்கும் சொல்லியாகிவிட்டது. ஆனால் சாமியைக் கேட்காமல் சாமியைத் தூக்கக் கூடாது. உடுக்கை அடித்து, சாமியாடியின் மேல் வரவழைத்து, உத்தரவு வாங்க வேண்டும். உத்தரவு வாங்காமல் தூக்கியவர்களுக்கு என்னென்ன ஆனது என்பதைத் தம்புசாமி அண்ணன் எங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி முடித்திருந்தார்.

சாமியாடி என் வீட்டுக்காரர். பெயர் சுகுமாரன், பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். அவ்வளவு சாதுவான மனிதரை இந்த வட்டாரத்தில் பார்க்க முடியாது. சாப்பாடு போட்டுவிட்டு "உப்பு போதுமா?" என்று கேட்டால் "ம்" என்பார். "காரம் அதிகமா?" என்று கேட்டாலும் "ம்" என்பார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷம். அந்த "ம்" எல்லாவற்றையும் நான் பாராட்டு என்றுதான் கணக்கில் வைத்திருந்தேன்.

ஆனால் முனி இறங்கிவிட்டால் ஆள் வேறு. அன்றைக்கு உத்தரவு கேட்டபோது அரிவாள் மேல் ஏறி நின்றுகொண்டு எங்களை ஒரு பார்வை பார்த்தார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் எல்லாத்துலயும் தேங்காப் பால ஊத்துறானுங்கடா. அங்க போனா எனக்கு எவன்டா அசாம் பெடாஸ் வைப்பான்? போறதுக்கு முன்னாடி ஒருக்கா சரியா போடுங்க. சாப்டுட்டு எந்திரிக்கிறேன்" என்றார்.

மற்ற தோட்டத்து முனிகள் ஆட்டுக்கறி கேட்பார்கள், சுருட்டு கேட்பார்கள். எங்கள் முனி மீன் பிரியர். அசாம் பெடாஸ் மலாய்க்காரர்களின் குழம்பு, புளியும் மிளகாயும் பெலாச்சான் என்கிற இறால் விழுதும் போட்டு வைப்பது. தோட்டத்து ஆட்கள் அதைக் கற்றுக்கொண்டு, திருக்கை மீனும் வெண்டைக்காயும் போட்டு, சாமிக்கே படைக்கிற அளவுக்குத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். இந்த மலாக்கா மாநிலத்தைத் தாண்டினால் அதே பெயரில் வேறு ஏதோ ஒன்றுதான் கிடைக்கும். கோலாலம்பூரில் தக்காளி ரசத்தில் மீன் விழுந்த மாதிரி கொடுக்கிறார்கள். ஜொகூர்க்காரர்கள் இதைப் படித்தால் சண்டைக்கு வருவார்கள், வரட்டும். நானே பேராக்கிலிருந்து, சுங்கை சிப்புட்டிலிருந்து டவுன் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள், லயத்து அடுப்படியைப் பார்த்ததில்லை. முதல் ஒரு வருஷம் எனக்கும் வரவில்லை. பிறகு வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன்.

முதலில் தம்புசாமி அண்ணன் வியாழக்கிழமை மலாக்கா டவுனுக்கே போய், வாசலில் வரிசை நிற்கிற ஒரு கடையிலிருந்து பொட்டலம் கட்டி வாங்கி வந்தார். இலையில் ஊற்றினோம். சாமி ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது இல்ல" என்றார். மலையேறிவிட்டார்.

நான் எழுதிக்கொண்டேன். "வியாழன். கடைக் குழம்பு. சாமி ஏற்கவில்லை. காரணம் கூறவில்லை."

வெள்ளிக்கிழமை எங்கள் முனி சைவம். மண்வாரி வந்தாலும் சரி, கூரை இடிந்தாலும் சரி, வெள்ளிக்கிழமை மீனைக் காட்டக் கூடாது. கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பதற்கு என்று ஒரு கூட்டம் போட்டு, அதில் கச்சான் பூத்தே கடலையைக் கொறித்துவிட்டுக் கலைந்தோம்.

சனிக்கிழமை காலையில் பொருளாளர் ஷாந்தினி ஒரு யோசனை சொன்னாள். வங்கியில் வேலை பார்க்கிற பெண், எதையும் முறையாகச் செய்ய வேண்டும் என்பாள். "ஆன்டி, சாமிக்கு அந்தப் பக்கச் சாப்பாட்ட இப்பவே பழக்கிட்டா நல்லது லா. ஒரு டிரையல் மாதிரி" என்றாள். தம்புசாமி அண்ணனுக்கு அது பெரிய ராஜதந்திரமாகத் தெரிந்தது. பாலத்தைத் தாண்டிப் போய் ஒரு தூக்கு நிறைய மீன் குழம்பு வாங்கிக்கொண்டு வந்தார். மூடியைத் திறந்ததும் மஞ்சள் நிறத்தில் தேங்காய்ப் பால் மினுமினுத்தது. எனக்கே பகீரென்றது. இருந்தாலும் யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

சாமி வீசிய தூக்கு ரம்புத்தான் மரத்தில் போய் மோதியது. தலைவருடைய வெள்ளைச் சட்டை அன்றோடு சரி.

ஷாந்தினிதான் தைரியமாக இரண்டடி முன்னால் போனாள். "அங்கிள், சாரி, சாமி. என்ன மிஸ்ஸிங்னு கொஞ்சம் தெளிவா சொன்னீங்கன்னா, நாங்க இம்ப்ரூவ் பண்ணிக்குவோம் லா" என்றாள். சாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சொல்லித் தெரியுறதா இருந்தா நீ ஏண்டி இன்னும் பால ஊத்துற?" என்றார். அவள் வாழ்க்கையில் அசாம் பெடாஸ் வைத்ததே இல்லை. ஆனாலும் தலையைக் குனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

அப்போதுதான் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "பாக்கியம், நீதான் தங்கச்சி நல்லா வைப்ப" என்றார் தம்புசாமி அண்ணன். நான் வைப்பேன் என்பது எனக்குத் தெரியும். முதல் நாளே என்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் டவுனுக்கு ஓடியது இவர்கள் தப்பு என்று மனசுக்குள் திட்டிக்கொண்டேதான் வண்டியை எடுத்தேன்.

கோலா சுங்கை பாருவுக்குப் போய், படகிலிருந்து இறங்கிய திருக்கையாகப் பார்த்து வாங்கினேன். என் சமையலைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. ஆனால் ஒன்று சொல்வேன். என் அடுப்படியில் மிச்சம் என்ற பேச்சே கிடையாது. இரண்டு பேருக்கு இரண்டு துண்டு மீன். அன்றைக்கு வைப்பது அன்றைக்கே தீரும், சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் உட்காருவேன். ஐஸ் பெட்டியில் பழைய குழம்பு வைத்திருக்கிற வீட்டில் நான் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். படையல் என்றால் கேட்க வேண்டுமா? தலை குளித்து, புதுச் சட்டியில், வாயில் வைத்துப் பார்க்காமல், கொதிக்கக் கொதிக்க வைத்து எடுத்துப் போனேன். டாவுன் கெசும் இலை வாசம் பாதை முழுக்க வந்தது.

சாயங்காலம் ஐந்து மணி. உடுக்கையை இரண்டு தட்டுத் தட்டியதுமே சாமி வந்துவிட்டார். மூன்று நாள் பசி. ஆவி பறக்கிற குழம்பை இலையில் ஊற்றினேன். ஒரு துண்டு மீனை எடுத்து வாயில் போட்டு மென்றார். கண்ணை மூடினார்.

"இதுவும் இல்ல. இருபத்திரெண்டு வருசமா இதே கததான்" என்றார்.

உடுக்கை நின்றது. தம்புசாமி அண்ணன் தொண்டையைச் செருமினார். ஷாந்தினி தன் கைப்பேசியைப் பார்ப்பது போலக் குனிந்துகொண்டாள்.

நான் நிதானமாக யோசித்தேன். இந்த முனிக்கு நான் குழம்பு வைத்தது அதுதான் முதல் தடவை. இருபத்திரண்டு வருஷமாக என் குழம்பைச் சாப்பிட்டவர் உலகத்திலேயே ஒருவர்தான், அவர் முனி இல்லை. இவ்வளவையும் அங்கே நின்று பேச முடியாது. முகத்தில் திருநீறும் கையில் அரிவாளுமாக நிற்கிறவரிடம் பெண்டாட்டி என்ற உரிமையில் எப்படிச் சண்டை போடுவது? சட்டியை அப்படியே அடுப்புக் கல் மேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் வந்தார். திருநீற்றைக் கழுவிவிட்டு, வேன் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, வழக்கம் போல நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"இருபத்திரெண்டு வருசமா என்ன கத?" என்று கேட்டேன்.

"என்ன கத?"

"அங்க சொன்னீங்களே."

"நான் சொன்னேனா? எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்ல லெட்சுமி. சாமி வந்தா எனக்கு எங்க நெனவு இருக்கும்?" ஊருக்கு நான் பாக்கியம், அவருக்கு மட்டும் லெட்சுமி.

"சாமிக்கு எப்படித் தெரியும், நம்ம வீட்டுக் குழம்பு?"

"சாமிக்குத் தெரியாததா" என்றார். அதற்கு மேல் எதைக் கேட்டாலும் "ம்" தான்.

அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சுங்கை சிப்புட்டுக்கே திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தேன். போய் என்ன சொல்வது? முனிக்குக் குழம்பு பிடிக்கவில்லை, அதனால் வந்துவிட்டேன் என்றால் அண்ணன் பெண்டாட்டி சிரிப்பாள். ஒன்று மட்டும் முடிவு செய்தேன். இவரைப் பேசவைக்காமல் விடப்போவதில்லை. இத்தனை வருஷம் நான் பரிமாறியது யாருக்கு என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஞாயிறு காலை நான் போனது இரண்டு வேலைக்காகத்தான். இடத்தை ஒப்படைக்கிற தாளில் செயலாளர் கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம், சட்டி என்னுடையது. போனால், கிரேன் லோரி எட்டு மணிக்கே வந்து நின்றது. ஓட்டி வந்தவர் ஒரு சீனப் பெரியவர். தம்புசாமி அண்ணன் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, சாமி சாப்பிடாவிட்டாலும் பரவாயில்லை, கல்லைத் தூக்கிவிடுங்கள் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். உத்தரவு இல்லாமல் தூக்கியவர்களின் கதையையெல்லாம் சொன்ன அதே தம்புசாமி அண்ணன்.

பெரியவர் கல்லின் முன்னால் மூன்று ஊதுவத்தியைக் கொளுத்திவிட்டு லோரியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "டத்தோ பெலும் மாக்கான். சாயா தா பெரானி" என்றார். சாமி இன்னும் சாப்பிடவில்லையாம், தொட அவருக்குத் தைரியம் இல்லையாம். இன்ஜினையும் அணைத்துவிட்டார்.

பத்தரை மணி ஆனது. கோலா சுங்கை பாருவுக்குப் போய் மீன் வாங்கி வந்து குழம்பு வைக்க நேரமில்லை. யாரிடம் கேட்டாலும் இல்லை என்றார்கள். கல்லைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தலைவர் அழுதேவிட்டார். பாவமாகத்தான் இருந்தது. அந்தக் கல்லுக்கு முன்னால்தான் அவருக்கு மொட்டை அடித்துக் காது குத்தினார்களாம். நாளைக்கு இதே நேரத்துக்கு மண்வாரி அதைப் புரட்டிச் செம்பனைக் கட்டைகளோடு தள்ளிவிடும்.

"பாக்கியம், நேத்து நீ வச்ச கொழம்பு இருக்கு. நாய் வாய வச்சிரும்னு ராத்திரி ஒருக்கா கொதிக்க வச்சு மூடி வச்சேன். காலையிலயும் ஒரு கொதி வந்துருச்சு. அதையே ஊத்திப் பாப்பமா?" என்றார்.

"பழைய குழம்பையா? சாமிக்கா?" என்றேன். பிறகு, பயப்படுவதற்கு இனி என்ன இருக்கிறது என்று தோன்றியது. வேண்டாம் என்று சொன்ன வாயிலேயே ஊற்றுவோம், என்ன செய்துவிடுவார் பார்ப்போம் என்ற வீம்புதான்.

உடுக்கை அடித்தார்கள். சாமி வந்தார். இலையைப் போட்டு, சட்டியை 'ணங்' என்று கீழே வைத்தேன்.

"நேத்து வேணாம்னு சொன்ன அதே கொழம்புதான். இஷ்டம் இருந்தா சாப்புடு. இல்லாட்டி நாளைக்கு மண்வாரிக்காரன் வருவான், அவன்கிட்ட கேளு" என்றேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் அந்த முகத்தைப் பார்த்து ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. சாமியைத்தான் பேசினேன்.

சாமி தொட்டு நக்கினார். நின்றார். அப்புறம் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். இறங்கி வந்த எங்கள் முனி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. சோற்றை இழுத்துப் பிசைந்தார். ஒரு இலை, இரண்டு இலை. மூன்றாவது தடவை சட்டியையே பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். திருக்கை எலும்பை உறிஞ்சுகிற சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. கிரேன்காரர் லோரியிலிருந்து எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இதத்தானடி கேட்டேன்" என்றார் சாமி. விரலைச் சூப்பிவிட்டு எழுந்தார். "தூக்குங்கடா."

கல் பூ மாதிரி எழும்பியது என்று இன்றைக்கும் தம்புசாமி அண்ணன் சொல்லித் திரிகிறார். கிரேன் தூக்கினால் எந்தக் கல்லும் அப்படித்தான் எழும்பும். பதினொன்றே முக்காலுக்கு லோரி கிளம்பியது. "சாமி திருப்தி. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆனால் எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அதே மீன், அதே புளி, அதே கை.

லோரி பாலத்தின் மேல் போகும்போது தம்புசாமி அண்ணன் திடீரென்று என் தோளைத் தட்டினார்.

"தங்கச்சி, அப்பல்லாம் மீன்காரன் சனிக்கெழம சாயங்காலம் மட்டுந்தானே லயத்துக்கு வருவான். ஐஸ் பெட்டி ஏது? வாங்குன ஒடனே கெட்டுப் போவாம இருக்கப் புளியில போட்டுக் கொதிக்க வச்சிருவாங்க. ஞாயித்துக்கெழம காலையில சூடு பண்ணிப் படைப்பாங்க" என்றவர், சட்டென்று குரலைத் தாழ்த்தினார். "அப்படின்னா, நாம இத்தன வருசமா சாமிக்குப் பழைய கொழம்புதான் படைச்சிருக்கோம். இத எழுதிராத."

நான் எழுதினேன். மீன்காரன் கிழமையோடு எழுதினேன்.

எழுதும்போதே கை நின்றுவிட்டது. அந்த லயத்தில் ஒவ்வொரு ஞாயிறும் படையல் முடிந்ததும் தட்டை நீட்டிக்கொண்டு நின்ற பிள்ளைகளில் ஒருவர் லோரியின் பின்னால் கல்லைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அவருக்குத் தெரிந்த அசாம் பெடாஸ் ஒரு ராத்திரி புளியில் ஊறிய மீன். இருபத்திரண்டு வருஷமாக நான் ஒரு குழம்பையும் மறுநாள் பார்க்க விடவில்லை. சுத்தம் என்று பெருமையாகச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் போய் அழுகை வந்தது. குழம்பு சரியில்லை என்று சொன்னதற்காக இல்லை. "ரெண்டு துண்டு மிச்சம் வை, நாளைக்குச் சாப்பிடறேன்" என்று ஒரு வார்த்தை சொல்ல இந்த மனிதருக்கு ஒரு முனி தேவைப்பட்டிருக்கிறது. அவ்வளவு பயமா என்னிடம்? அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

முனி புது இடத்தில் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார். அவரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

அடுத்த சனிக்கிழமை காலையில் திருக்கை வாங்கி வந்தேன். இரண்டு துண்டு போடுகிற இடத்தில் ஆறு துண்டு போட்டேன். குழம்பு வைத்து இறக்கி, மூடி, ஐஸ் பெட்டிப் பக்கம் போகாமல் அடுப்பு மேலேயே வைத்தேன். மதியம் அவர் வந்தார். சாவியை மாட்டினார். வாசத்தைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து மூடியைத் திறந்தார். ஆறு துண்டுகளையும் எண்ணியது அவர் உதட்டு அசைவில் தெரிந்தது. தட்டை எடுத்தார்.

"அது நாளைக்கு" என்றேன்.

அவர் தட்டோடு நின்றார். "இன்னைக்கே நல்லாத்தான் இருக்கும் லெட்சுமி. நீ வச்சா எப்ப சாப்ட்டாலும் நல்லாத்தான் இருக்கும்."

உடுக்கை இல்லாமல் அவர் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. மனசு இளகத்தான் செய்தது. ஆனால் அத்தனை சுலபமாக விடுகிறவள் இல்லை நான்.

"முனி மேல சத்தியமா சொல்லுங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். குழம்பைப் பார்த்தார். தட்டை எடுத்த இடத்திலேயே வைத்தார். சட்டியின் மூடியைக் கொஞ்சமும் சத்தம் வராமல் மூடி, சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்தியும் பார்த்தார்.

"நாளைக்கே சாப்பிடறேன்" என்றார்.

அன்று மதியம் இரண்டு பேரும் முட்டை பொரித்துச் சாப்பிட்டோம்.